பெரோத்தேயின் நீலகிரி லைக்கன்கள்: ஓர் உறையில் எழுதப்படாதவை

மைசூருவின் மசாலாக் கடைகளில் ‘கல்லு ஹூவு’ என்று விற்கப்படுவது நம் கல்பாசியே. பெயர்தான் பாசி, உண்மையில் அது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன். இந்த இரட்டை இயல்பைச் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1867இல் அறிவித்தார். அதற்கு முன்னரே நம் பகுதியின் லைக்கன்கள் கடல் கடந்துவிட்டன.

1830களில் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலர் சாமுவேல் பெரோத்தே, மைசூருவுக்குத் தெற்கேயுள்ள நீலகிரியில் பூவாத் தாவரங்களைத் திரட்டினார். அவற்றை ஆராய்ந்து 1842இல் வெளியிட்டவர் முன்னாள் படைமருத்துவரான கமீய் மோந்தாஞ். அவருடைய தொகுப்பு இன்று பாரிஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓர் இனத்தின் பெயருக்கு இறுதிச் சான்று அதன் வகைமாதிரியே. ஆகவே நீலகிரி லைக்கன் ஒன்றின் பெயரில் ஐயம் எழுந்தால், நீலகிரிக்கு அருகிலிருந்தும் நாம் பாரிஸைத்தான் நாட வேண்டியுள்ளது.

இந்நிலையைப் பெருமளவு மாற்றியவர் லக்னோவின் தரணி தர் அவஸ்தி. 1965இல் இந்திய லைக்கன்களின் பட்டியலையும், 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் இனங்காணும் திறவுகோல்களையும் வெளியிட்டார். அவர் சேர்த்த மாதிரிகள் லக்னோ தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

லைக்கனைப் பதப்படுத்துவது எளிது. இலை போன்றவற்றைச் சற்று நனைத்துக் கத்தியால் பெயர்க்கலாம். பாறையோடு ஒட்டியவற்றை உளியால் கல்லுடன் எடுக்க வேண்டும். நெகிழிப் பையில் வைத்தால் நம் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். காகித உறையே ஏற்றது. நிழலில் உலர்த்தி, பூச்சிகள் அழிய உறைநிலையில் வைத்தெடுத்து, மடித்த காகிதப் பொதியில் இட்டால் நூற்றாண்டுகள் நிலைக்கும். 1866இல் நைலாண்டர் புகுத்திய பொட்டாஷ், சலவைத்தூள் சோதனைகளுக்குப் பழைய துணுக்கும் நிறம் மாறி விடையளிக்கும்.

விடையளிக்காதது உறையின் மேலுள்ள வெற்றிடம். பழைய உறைகள் பலவற்றில் மலையின் பெயரும் திரட்டியவர் பெயரும் மட்டுமே உண்டு. எந்த மரம், எந்த உயரம், சோலையா புல்வெளியா என்ற குறிப்பில்லை. பின்னர் தேயிலையும் யூகலிப்டசும் சீகையும் அம்மலையின் பெரும்பகுதியை மாற்றிவிட்டன. ஓர் இனம் அங்கே அருகியதா, அல்லது நாம் தவறான இடத்தில் தேடுகிறோமா என்று அந்த உறைகளை வைத்துத் தீர்மானிக்க இயலாது.

எனவே களத்திற்குச் செல்லும் மாணவர்கள் உளியைவிடப் பென்சிலை நம்ப வேண்டும். இடம், உயரம், பற்றிய பரப்பு, நாள், எண் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். லைக்கன் தானே நிலைத்துக்கொள்ளும். அது வாழ்ந்த இடம் உங்கள் எழுத்தில் மட்டுமே நிலைக்கும்.