பழைய சாலையும் புதிய கணக்கும்

சாலை அமைப்பது பொறியியலார் தொழில். அதற்கு எவ்வளவு பொருள் வேண்டும், என்ன செலவாகும், செலவிடும் பணம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்று ஆராய்வது கணக்கு. கணக்குத் தவறிய இடத்தில் சாலையும் நெடுநாள் நிலைப்பதில்லை. இவ்வுண்மையைச் சாலைகளின் வரலாறு தெற்றென விளக்குகிறது.

பழுதுபட்ட தார்ச் சாலையைச் சுரண்டியெடுத்து, அப்பொருளையே புதுச் சாலைக்கு மீண்டும் பயன்படுத்தும் முறை இன்று பல நாடுகளில் வழங்கி வருகிறது. இதனை அண்மைக் காலத்துப் புதுமை என்றே பலரும் எண்ணுவர். ஆனால் இதன் அடிப்படைக் கருத்து 200 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செயலுக்கு வந்துவிட்டது.

பிரிஸ்டலில் ஒரு வணிகர்

அக்காலத்தில் இங்கிலாந்தின் பெருஞ்சாலைகள் பல, சுங்கச் சாலைக் குழுக்களின் பொறுப்பில் இருந்தன. வண்டிகளிடம் சுங்கம் வாங்கிச் சாலையைப் பேணுவது அவற்றின் கடமை. சாலையில் பள்ளம் விழுந்தால் வண்டி வண்டியாகக் கல்லைக் கொணர்ந்து கொட்டுவார்கள். பெரிய கற்கள் சக்கரம் ஏறியதும் புரளும். இடுக்குகளில் மழைநீர் இறங்கும். மறுபடியும் பள்ளம் விழும். மறுபடியும் கல் வரும். சுங்கப் பணம் கரைந்ததேயன்றிச் சாலை சீர்படவில்லை. குழுக்கள் பல கடனில் மூழ்கின.

இந்நிலையில் 1816-ஆம் ஆண்டில் ஜான் லவுடன் மெக்காடம் என்பவர் பிரிஸ்டல் சாலைகளின் மேற்பார்வையாளராக அமர்ந்தார். அவர் 1756-இல் ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் பிறந்தவர். இளமையில் நியூயார்க் சென்று வணிகம் செய்து, 1783-இல் தாயகம் திரும்பியவர். பொறியியல் பயின்றவர் அல்லர். எனினும் வணிகருக்குரிய கணக்குக் கண் அவரிடம் இருந்தது. கையிருப்பை எண்ணிப் பாராமல் புதுச் சரக்கு வாங்குவது வணிகர் வழக்கமன்று. அந்த நெறியையே அவர் சாலைக்கும் கொண்டு வந்தார்.

பழைய சாலையைச் செப்பனிட அவர் வகுத்த விதிகள் எளியவை. முதலில் சாலையில் புதைந்துள்ள கற்களைக் கிளர்த்த வேண்டும். கனத்த வாரியால் ஓரத்திற்கு இழுத்து, அங்கே வைத்து உடைக்க வேண்டும். எந்தக் கல்லும் 6 அவுன்ஸ் எடைக்கு மேற்படலாகாது. மண் கலவாத அச்சல்லியை மீண்டும் சாலையில் பரப்ப வேண்டும். 30 அடி அகலச் சாலைக்கு, ஓரத்தைவிட நடுவில் 3 அங்குல உயரம் போதும். சுத்தமான கல் 10 அங்குலக் கனத்திற்குக் குறைந்த இடத்திலன்றி வேறெங்கும் புதுக் கல் போடலாகாது.

இறுதி விதியே நம் கருத்துக்கு உரியது. இருப்பதை அளந்து பார்த்த பின்னரே புதியதை வாங்க வேண்டும் என்பது அதன் பொருள். சாலையின் பாரத்தைத் தாங்குவது அடிமண்ணே. அம்மண் நனையாதபடி காக்கும் கூரை போன்றதே மேலுள்ள கல் தளம் என்பது அவர் கொள்கை. கூரை ஒழுகினால் ஓட்டைப் பிரித்து அடுக்க வேண்டுமேயன்றி, அதன் மேல் மற்றொரு கூரையை ஏற்றுவார் உளரோ?

பணம் யாருக்குச் சென்றது?

இம்முறையால் விளைந்த மற்றொரு நன்மையும் உண்டு. தொலைவிலிருந்து கல் கொணரும்போது சாலைப் பணத்தின் பெரும்பகுதி குதிரைக்கும் வண்டிக்கும் போயிற்று. பழைய கல்லையே உடைத்துப் பரப்பியபோது அப்பணம் உழைப்பாளிகளின் கூலியாக மாறியது. நெப்போலியன் போர் 1815-இல் முடிந்தபின் இங்கிலாந்தில் வேலையின்றித் தவித்தோர் பலர். கடும் உழைப்புக்கு ஆற்றாத முதியோரும், பெண்களும், சிறுவரும்கூட உட்கார்ந்தவாறே சிறு சுத்தியலால் கல்லுடைத்துக் கூலி பெற்றனர். அது இன்பமான வேலை அன்று. ஆயினும் ஏழையின் அடுப்பில் உலை ஏறியது.

மலாயாவின் சாலை வரலாற்றை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. காட்டை அழித்துப் பாதை வகுத்ததிலும், கல்லும் மண்ணும் சுமந்து அதனைச் சாலையாக்கியதிலும் தென்னிந்தியத் தொழிலாளரின் பங்கு பெரிது.

தாரும் எண்ணெயும்

மோட்டார் வண்டி வந்ததும் வெறுஞ்சல்லிச் சாலை புழுதி கிளப்பியது. இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் சாலை அதிகாரியாயிருந்த எட்கர் பர்னல் ஹூலி என்பவர், 1901-இல் ஓர் இரும்பாலையருகே சாலையில் கொட்டிப்போன தாரைக் கண்டார். அதன்மேல் ஆலைக் கசடு தூவப்பட்டிருந்தது. அவ்விடம் மட்டும் புழுதியின்றி இறுகிக் கிடந்தது. 1902-இல் தாரும் கசடும் கலக்கும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

பின்னர் நிலக்கரித் தாரின் இடத்தைப் பெட்ரோலிய எண்ணெயிலிருந்து கிடைக்கும் பிட்டுமன் பிடித்துக் கொண்டது. மக்கள் வழக்கில் அதற்கும் தார் என்றே பெயர். எண்ணெய் மலிவாயிருந்தவரை மெக்காடத்தின் விதியை நினைப்பார் அருகினர். பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போடப்பட்டது. பெயர்த்தெடுத்தது குப்பைமேட்டுக்குச் சென்றது.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பீப்பாய்க்கு ஏறக்குறைய 3 டாலராயிருந்த விலை, 1974 தொடக்கத்தில் 12 டாலரை எட்டியது. குப்பையாய்க் கிடந்த பழந்தாரின் மதிப்பு அப்போதுதான் புலனாயிற்று. அமெரிக்காவின் கூட்டரசு நெடுஞ்சாலைத் துறை 1976-இல் தார்த்தள மறுபயன்பாட்டுக்கெனச் செயல்விளக்கத் திட்டம் தொடங்கியது. கடின உலோகப் பற்கள் பதித்த உருளையால் தளத்தைச் சுரண்டும் யந்திரங்களும் அக்காலத்திலேயே பரவின.

ஒரு கிலோமீட்டர்க் கணக்கு

மாணவரும் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு ஒன்று இதோ. 1 கிலோமீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள சாலைக்கு 5 சென்டிமீட்டர் கனத்தில் தளம் போட வேண்டும். 1,000 × 7 × 0.05 என்று பெருக்கினால் 350 கன மீட்டர். இறுகிய தார்க்கலவை கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 டன் எடையுள்ளது. ஆகவே 840 டன் கலவை வேண்டும். அதில் 100-க்கு 5 பங்கு பிட்டுமன் எனக் கொண்டால் பிட்டுமன் 42 டன், கல்லும் மணலும் 798 டன்.

கலவையில் 100-க்கு 20 பங்கு பழைய பொருளைச் சேர்த்தால் அது 168 டன். அதிலும் பிட்டுமன் 5 பங்கு எனில், 8.4 டன் பிட்டுமனும் 159.6 டன் கல்லும் மணலும் மிச்சம். புதிதாக வாங்க வேண்டிய பிட்டுமன் 33.6 டன் மட்டுமே. எடையில் சிறிய பிட்டுமனே விலையில் பெரியது. மிச்சத்தின் உயிர்நாடியும் அதுவே.

ஆயினும் இம்மிச்சத்தை முழு இலாபமாக எழுதிவிடுதல் பிழை. சுரண்டும் கூலி, ஏற்றிச் செல்லும் செலவு, நொறுக்கிச் சலிக்கும் செலவு, சோதனைச் செலவு ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். பழம்பொருள் மழையில் நனைந்து கிடந்தால் அந்நீரை ஆவியாக்க எரிபொருள் மிகுதியாகும். வெயிலிலும் காற்றிலும் கிடந்த பழந்தார் இறுகிப்போவதால், அதன் 8.4 டன்னும் புதுத் தாரைப்போல் முழுமையாக வேலை செய்யாது. பழம்பொருள் மிகுந்தால் தளம் விறைத்து வெடிக்கக்கூடும். 840 டன்னையும் பழையதாகவே போடாததற்குக் காரணம் இதுவே. மற்றொரு பக்கம், பணத்தில் எழுதாத வரவும் உண்டு: மலையை உடைப்பது குறைகிறது, குப்பைமேடு சிறுக்கிறது, சுரண்டிப் போடுவதால் சாலை உயர்ந்து வடிகாலையும் வீட்டு வாசலையும் தாழ்த்துவதில்லை.

அமெரிக்காவில் இன்று ஆண்டுதோறும் ஏறக்குறைய 9 கோடி டன் பழம்பொருள் புதுத் தார்க்கலவையில் சேர்கிறது. அது மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்காகும். மலிவான எண்ணெய் மறக்கச் செய்ததை விலையேற்றம் கற்பித்தது. மெக்காடமோ விலையேற்றம் வரும்வரை காத்திருக்கவில்லை. புதுக் கல் வேண்டும் என்று கேட்டவரிடம், காலடியில் இருப்பது எத்தனை அங்குலம் என்று அளக்கச் சொன்னார். சாலைக்கு மதிப்பீடு எழுதுவோர் எவரும் முதல் வரியில் எழுத வேண்டிய எண் அதுவேயாகும்.