குதிரை பார்க்கப் போன குடும்பங்கள்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ போய், மாதக்கணக்கில் தங்கிவிட்டு வரும் பெற்றோர் இன்று கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், பேரனுக்குத் துணை என்று போவதற்கு ஒரு காரியம் இருக்கும்; சனி ஞாயிறுகளில் நயாகராவையும் நியூயார்க்கையும் பார்த்து முடிப்பார்கள். ஊர் சுற்றிப் பார்ப்பது நம் குடியானவர்களுக்குப் புதுப் பழக்கம், ரயிலும் விமானமும் கையில் நாலு காசும் வந்த பிறகு ஒட்டிக்கொண்டது என்று இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவையும், அதோடு கூடும் குதிரைச் சந்தையையும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. குடும்பத்தோடு வெளியூர் போய், தங்கி, தன் ஊரில் இல்லாததைப் பார்த்துவிட்டு வருவது இங்கே மாட்டுவண்டிக் காலத்து வழக்கம். காரியத்தோடு சேர்த்தே அது நடந்ததால் யாரும் அதற்குத் தனிக் கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தியூர் பர்கூர் மலையின் அடிவாரம். பக்கத்துப் புதுப்பாளையத்தில் கோயில். காட்டுக்குள் தள்ளி வனக்கோயில். ஆடி மாதப் புதன்கிழமையன்று சாமிகளை மகமேருத் தேரில் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். விழாவை ஒட்டிக் கால்நடைச் சந்தை கூடும். மாட்டுச் சந்தை கொங்கில் அதிசயமில்லை. வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரையில் மாரியம்மன் விழாவோடு கூடும் சந்தைக்குக் காங்கேயம் மாடுகள் வரும். மாடு வேண்டியவர் அங்கே போகலாம். அந்தியூரின் தனிச்சிறப்பு குதிரை. காத்தியவார், மார்வார், வெள்ளைவெளேரென்ற நுக்ரா என்று எங்கெங்கோ பிறந்த சாதிக் குதிரைகளை இங்கே வரிசையாகக் கட்டுகிறார்கள். இதில்தான் கேள்வி எழுகிறது. கொங்கு உழவனுக்குக் குதிரை எதற்கு? ஏர் பூட்டியது காளை, கவலை இறைத்தது காளை, வண்டி இழுத்ததும் காளை. குதிரைக்குக் கொள்ளு வைக்கும் வசதி பட்டக்காரர், பாளையக்காரர் வீட்டுக்கு மட்டுமே இருந்தது. வாங்க ஆளில்லாத ஊரில் ஒரு சந்தை தலைமுறை தலைமுறையாக நின்றது என்றால், அதை நிறுத்திவைத்தவர்கள் பார்க்க வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை வாங்கத் தொடங்கிவைத்த சந்தை இது என்று ஊரில் சொல்வார்கள். செவிவழிச் செய்தியைச் சாசனமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அது காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்துகிறது. கொங்கு நாடு நூறு ஆண்டுக்கு மேல் மைசூர் ஆட்சியில் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790இல், சத்தியமங்கலத்தில் கும்பினிப் படையும் திப்புவின் படையும் மோதின. மலையேறி மைசூருக்குப் போகும் வழியின் வாயிலில் இருக்கும் அந்தியூரில் குதிரைப்படைக்குச் சந்தை கூடியிருந்தால் வியப்பில்லை. கதையை அப்படியே ஒப்புக்கொண்டால் என் வாதம்தான் வலுக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார், வாங்கிய படையும் கலைந்தது. பெரிய கொள்முதல்காரன் போன பின்னும் சந்தை ஓயவில்லையே, ஏன்? ஜட்கா வண்டிக்கு வாங்கியிருப்பார்கள் என்று மறுக்கலாம். ஜட்காவுக்குப் போதுமானது மட்டக்குதிரை. காத்தியவார்க் குதிரையைப் பூட்டி எந்த வண்டிக்காரன் கட்டுப்படியாகப் பிழைப்பான்? கொஞ்சம் விற்றிருக்கும், ரேக்ளாப் பந்தயப் பிரியர்களும் வாங்கியிருப்பார்கள். அதை மட்டும் வைத்துக் கூட்டத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: வந்தவர்கள் சாமி கும்பிட வந்தார்கள், வேடிக்கை என்பது வழியில் கிடைத்தது, அதை உல்லாசப் பயணமாக்குவது இன்றைய கண்ணால் பழையதைப் பார்ப்பது என்பார்கள். குருநாதசாமியைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் பல என்பது உண்மை. சாமியே பிச்சாவரம் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்ததாகக் கோயில் வழக்கில் ஒரு கதையும் உண்டு. ஆனால் பக்தியையும் வேடிக்கையையும் இரண்டு பெட்டியில் போட்டுப் பூட்டும் பழக்கம் நம் ஜனங்களுக்கு இருந்ததில்லை. பொங்கல் வைத்து, பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்த ஒரு பகல் போதும். அதற்கு மேலும் வண்டியை அவிழ்த்துவிட்டு மரத்தடியில் அடுப்புக் கூட்டியவர்கள் எதற்காகத் தங்கினார்கள்? சந்தை ஆண்பிள்ளை விவகாரம், குடும்பத்துக்கு அங்கே வேலையில்லை என்பதும் சரியில்லை. கடைகளே சாட்சி. ஒரு பக்கம் மூக்கணாங்கயிறு, சலங்கை, சாட்டை. மறுபக்கம் வளையல், பொம்மை, பொரி, ராட்டினம். பெண்டு பிள்ளைகள் வராத இடத்தில் வளையல்காரர் கடை விரிக்கமாட்டார்.

பார்ப்பதற்கும் அங்கே குறைவில்லை. தரகரும் வாங்குபவரும் துண்டுக்கடியில் கைகோத்து, வாய் திறக்காமல் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவன் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார்கள், முதுகிலும் நெற்றியிலும் சுழி பார்ப்பார்கள். ஆகாத சுழி இருந்தால் எவ்வளவு அழகான குதிரைக்கும் விலை இறங்கும். மேளத்துக்கு ஏற்பக் கால் தூக்கி ஆடும் நாட்டியக் குதிரையைச் சுற்றி எப்போதும் வட்டம். செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மலைமாடு, சமவெளிக்காரன் தன் தொண்டுப்பட்டியில் காணாதது. காட்டில் மேய்ந்து வளர்வது, அன்னியர் கைக்கு எளிதில் அடங்காதது. அதை வளர்க்கும் மலைவாசிகளில் கன்னடம் பேசும் லிங்காயத்துகள் அதிகம். மாட்டோடு சேர்த்து வேறொரு பேச்சையும் வாழ்க்கையையும் கண்டுதான் கீழ்நாட்டுக் குடும்பங்கள் வீடு திரும்பின.

இதெல்லாம் சரி, பவானியிலிருந்து அந்தியூர் போவதை வெளிநாடு போவதோடு சேர்த்துப் பேசலாமா? தூரத்தை மட்டும் அளந்தால் கூடாது. 1862இல் ஈரோட்டுக்கு ரயில் வந்தது. அந்தியூருக்கு இன்றுவரை வரவில்லை. வண்டியில் போய்ச் சேர்வதற்கே கட்டுச்சோறும் வைக்கோலும் வேண்டிய காலத்தில் வெளியூர் என்பது மெய்யாகவே வெளியூர். எல்லையும் அப்படி நிலையான பொருளல்ல. மலைக்கு அப்பால் உள்ள கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா. மாநிலச் சீரமைப்பில் அது மைசூர் மாநிலத்துக்குப் போனதும், அதற்கு முந்திய ஆடியில் சொந்த மாவட்டத்துச் சந்தைக்கு மலையிறங்கி வந்தவர், அடுத்த ஆடியில் அயல் மாநிலத்தவர் ஆனார். நடந்த பாதை அதேதான், பார்த்த குதிரையும் அதேதான்.

இப்போது லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது, லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் குதிரையின் படம் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறது. அந்தக் குதிரைகளில் பல விற்பனைக்கு அல்ல, காட்டுவதற்கே வருகின்றன. இதைச் சந்தையின் வீழ்ச்சி என்று வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆடி என்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளிகளுக்கு அப்போது விடுமுறை. அங்கிருந்து பேரன் பேத்திகள் ஊருக்கு வரும் வீட்டார், கோவை மால்களுக்குக் கூட்டிப்போகும் நாட்களில் ஒன்றை அந்தியூருக்கு ஒதுக்குங்கள். புதன்கிழமையாகப் பார்த்துப் போனால் தேரையும் பார்க்கலாம்.