ஏத்தத்துல கியர் மாத்துறது ஏமாத்து வேலையா?

என் பழைய ரோட் பைக்கைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டேன். மோட்டார் பைக் இல்லைங்க, மெல்லிசான டயரும் வளைஞ்ச ஹேண்டில்பாரும் இருக்குமே, அந்த சைக்கிள்.

பழசுல கியர் லீவர் ஃபிரேம்ல, முழங்கால் பக்கத்துல இருக்கும். கியர் மாத்தணும்னா ஒரு கையைக் கீழே விடணும். ஏலகிரி மலைப்பாதையில 14 கொண்டை ஊசி வளைவு. ஏழாவதுல கையை எடுத்தேன், செயின் கழண்டுச்சு, எதிர்ல பஸ். ஓரமா விழுந்து தப்பிச்சேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா எங்க குரூப்ல இருக்கிற ஒரு அண்ணன் புது சைக்கிளைப் பார்த்ததும் சொன்னார்: "விரலால தட்டினா கியர் மாறுது. இதெல்லாம் ஒரு ஓட்டா தம்பி?" சுருக்குன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா, இந்தச் சண்டைக்கு வயசு நூறுக்கு மேல!

டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903-ல ஆரம்பிச்சது. அதை நடத்தினவர் ஆன்றி டெகிராஞ்ச். கியர் எல்லாம் 45 வயசைத் தாண்டினவங்களுக்குத்தான்ங்கிறது அவர் கருத்து. அதனால வீரர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? பின்சக்கரத்தோட ரெண்டு பக்கமும் வேற வேற அளவுல பல்சக்கரம். மலை அடிவாரத்துல இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவாங்க. உச்சிக்குப் போனதும் மறுபடி இறங்கித் திருப்புவாங்க. குளிர்ல விரல் விறைச்சிருந்தாலும் அதே கதைதான்.

டெகிராஞ்சை வில்லன்னு ஒதுக்கிட முடியாது. மனுஷன் ஜெயிக்கணும், கம்பெனி ஜெயிக்கக் கூடாதுங்கிறது அவரோட கவலை. 1930-ல எல்லா வீரர்களுக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சைக்கிள் கொடுத்ததும் அதுக்காகத்தான்.

எதிர்ப்பக்கம் பால் டி விவி. செயின்ட் எத்தியென் ஊர்க்காரர், 'வெலோசியோ'ங்கிற பேர்ல எழுதினவர். சாதாரண ஆளும் மலை ஏறணும்னா கியர் வேணும்னு பத்திரிகை நடத்தி வாதாடினார், தானும் ஓட்டிக் காட்டினார். 1930-ல இறந்துட்டார். உடம்பு சரியில்லாம டெகிராஞ்ச் பொறுப்பை விட்டு ஒதுங்கினது 1936-ல. அடுத்த வருஷமே, 1937-ல, செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற டீரெய்லியருக்கு டூர்ல அனுமதி கிடைச்சது. அந்த வருஷம் ஜெயிச்சவர் ரோஜர் லாபெபி.

அப்புறமும் மாற்றம் நிக்கல. 1984-ல ஷிமானோ, ஒவ்வொரு கியருக்கும் 'டிக்'னு நிக்கிற லீவரை டியூரா-ஏஸ்ல கொண்டுவந்தது. 1990-ல கியரை பிரேக் லீவருக்குள்ளேயே வச்சது. இப்போ என் விரல் தட்டுறது அதோட வாரிசைத்தான்.

ஒரு இன்ஜினியரா எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான்: கியர் சக்தியைக் கொடுக்கிறதில்ல. மிதிக்கிறது லேசாகும், ஆனா அதே தூரத்துக்கு அதிக தடவை மிதிக்கணும். மலையோட உயரம் குறையப் போறதில்ல.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏலகிரி. தொடை அதே மாதிரிதான் எரிஞ்சது. ஆனா ஏழாவது வளைவுல பஸ் வந்தப்போ ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருந்துச்சு. மேலே டீக்கடையில அந்த அண்ணன் என் சைக்கிளை வாங்கி ஒரு ரவுண்டு போயிட்டு வந்தார். ஒண்ணும் சொல்லல. டீயைக் குடிச்சு முடிச்சுட்டு மெதுவா, "என்ன விலை தம்பி?"ன்னு கேட்டார்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். ஹெல்மெட் போட மறந்துடாதீங்க!