பனிக்குடமும் கடிகாரமும்

‘தண்ணிக்குடம் ஒடஞ்சிருச்சு, இன்னும் வலி காணல’ – கும்மிடிப்பூண்டிப் பக்கம் நான் கேட்டிருக்கும் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு சீரகக் கஷாயம் கொடுத்து, பொய்வலியா மெய்வலியா என்று பார்த்துக் காத்திருந்தார்கள். 1953இல் அமெரிக்க வேதியியலாளர் டூ வீன்யோ ஆக்ஸிடோசினைச் செயற்கையாக உருவாக்கினார். காத்திருப்பு சொட்டுக் கணக்கானது.

சிப்காட் சங்குக்கு நாள் நகரும் ஊரில், வலி ஊசியையும் அதிகாரத்தின் கடிகாரமாக வாசிப்பது நமக்கு எளிது. ஆனால் 1995இல் தமிழ்நாட்டில் ஆய்வு செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹோலன், பெண்களே அந்த ஊசியை விரும்பியதையும் பதிவு செய்தார். தினக்கூலி வீட்டில் காத்திருப்பதற்கும் விலை உண்டே!

1996இல் மேரி ஹன்னா குழு ஆறு நாடுகளில் 5041 பெண்களிடம் நடத்திய ஆய்வு வெளியானது. உடனே வலியைத் தூண்டினாலும், நான்கு நாள்வரை காத்திருந்தாலும் குழந்தைக்கான தொற்றும் சிசேரியனும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆக்ஸிடோசின் கொடுத்தவர்களில் தாய்க்குத் தொற்று குறைவு. 2011இல் உலக சுகாதார நிறுவனமும் தூண்டுவதையே பரிந்துரைத்தது.

காய்ச்சல் கண்டாலோ நீர் பச்சையாகப் போனாலோ காத்திருக்க இடமில்லை. மற்றபடி, ‘இதுக்காகத்தான் ஊசிம்மா, போடலாமா?’ என்று அவளிடம் யாராவது கேட்டார்களா? அதிகாரத்தை நாம் தேடவேண்டிய இடம் அதுவே.