விழித்திருந்த கண்களுக்குக் கிடைத்த மொழி

தலையில் அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் ஒருவர் தம் பெயரைச் சொல்கிறார், தண்ணீர் கேட்கிறார், பின்னர் கண்ணயர்கிறார். அது உறக்கமா, அல்லது மண்டையோட்டினுள் கசியும் குருதி மூளையை அழுத்துவதால் வந்த மயக்கமா? இதை அறிய நள்ளிரவில் அவரை எழுப்பிப் பார்ப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். படுக்கையருகே விழித்திருக்கும் செவிலியரே. எனினும் அவர் கண்டதற்கு உரிய மதிப்பு எளிதில் கிடைத்துவிடவில்லை.

கண்டதைச் சொல்லத் திட்டமான சொற்கள் இல்லாமையே முதல் தடை. 'அரை மயக்கம்', 'ஆழ்ந்த மயக்கம்' என ஒவ்வொருவரும் தாம் கொண்ட பொருளில் எழுதினர். மாலையில் ஒருவர் எழுதியதை இரவில் வந்தவர் வேறாகப் புரிந்துகொண்டார். நோயாளி தேறுகிறாரா, தளர்கிறாரா என்பது விளங்காமலே நேரம் கழிந்தது. மூளைக் காயத்திலோ ஒவ்வொரு நாழிகையும் உயிரின் விலை உடையது.

1974-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த கிரகாம் டீஸ்டேல், பிரயன் ஜென்னட் என்னும் மூளை அறுவை மருத்துவர் இருவர், 'லான்செட்' இதழில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். கண் திறக்கிறாரா? என்ன பேசுகிறார்? கைகால்களை எவ்வாறு அசைக்கிறார்? இம்மூன்றே கேள்விகள். இன்றுள்ள முறையில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என அதிக அளவாக 15 புள்ளிகள். மிகக் குறைந்தது 3. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மருத்துவரும் செவிலியரும் ஒன்றுபோல் குறிக்க இயல வேண்டும் என்பதே அதன் நோக்கம். 15 என்றிருந்தது 13 எனக் குறைந்தால், உறங்கும் மருத்துவரை எழுப்ப அந்த எண்ணே போதும். செவிலியரின் ஐயம் சான்றாக உயர்ந்தது.

கண்டதைச் சொல்லும் மொழி ஒன்று. கண்டதன்மேல் செயலாற்றும் உரிமை மற்றொன்று. அவ்வுரிமைக்கான வித்து 1965-இலேயே அமெரிக்காவில் ஊன்றப்பட்டிருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியரும், ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் இணைந்து, 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்னும் புதிய பொறுப்புக்கான பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவர் எட்டாத இடங்களில் வாழ்ந்த குழந்தைகளின் நலனே அவர்களது முதல் கவலை. செவிலியர் கல்வியாளர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் அம்முயற்சி வேரூன்றியது. காலப்போக்கில் அது நரம்பு மருத்துவத்திலும் கிளைவிட்டது. இன்று அந்நாட்டில் பக்கவாதம், வலிப்பு, பார்க்கின்சன் நோய் ஆகியவற்றால் வருந்துவோரை இத்தகைய செவிலியர் நேரில் ஆய்கின்றனர், ஸ்கேன் எடுக்கப் பணிக்கின்றனர், மருந்து எழுதுகின்றனர். அவர்தம் உரிமையின் எல்லை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது.

நம் குடும்பங்கள் பலவற்றிலிருந்தும் பெண்மக்கள் இப்பணிக்குச் சென்றுள்ளனர். அவர்களது பொறுமையை நாம் போற்றுகிறோம், புன்னகையைப் பாராட்டுகிறோம். அவர்தம் அறிவை அவ்வாறு மதித்தோமா? "இவர் நேற்றுப்போல் இல்லை" என்று ஒரு செவிலியர் சொல்லும்போது, அதற்குப் பின்னே ஓர் இரவு முழுவதும் விழித்திருந்த கண்கள் உள்ளன. அச்சொல்லுக்குச் செவிசாய்ப்பது அவருக்கு நாம் காட்டும் சலுகையன்று. நோயாளிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.