கைவினை வாழ்த்து மடல்: உழைப்புப் பிரிவினையின் ஒரு சிறு வரலாறு

வாழ்த்து மடல் இலக்கிய வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெற்ற பொருளன்று. கலை வரலாற்றாசிரியரும் அதனை ஓவியத்தின் ஓரத்திலே கிடக்கும் சில்லறைப் பண்டமாகவே கருதி வந்துள்ளனர். ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு மேலைநாட்டுச் சாதாரண மக்கள் தமக்குள்ளே பரிமாறிக்கொண்ட எழுத்துக்களுள் மிகப் பரவலானவற்றுள் ஒன்று அது. இறப்பர் முத்திரையால் உருவரையைப் பதித்து, அதனுள் நீர்வர்ணந் தீட்டி, வீட்டு மேசையிலிருந்தே மடல் செய்யும் வழக்கம் 1970களின் பின் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. யந்திரம் குலைத்த மனித உறவைக் கை மீட்டுத் தருகிறது என்பதே இவ்வழக்கத்துக்குப் பொதுவாகக் கற்பிக்கப்படும் பொருளாகும். இக்கூற்றை ஏற்பதற்கோ தள்ளுவதற்கோ முன்னர், அந்தக் கை யாருடைய கை என்னும் வினாவை வரலாற்றிடம் கேட்பது அவசியமெனக் கருதுகிறோம்.

முதலில் நீர்வர்ணத்தை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஓவியன் தனது வர்ணத்தைத் தானே அரைத்தான். அல்லது தன் மாணாக்கனைக் கொண்டு அரைப்பித்தான். நிறப்பொடியை வேலமரப் பிசினுடன் சேர்த்து, சிறு வில்லைகளாக வார்த்து விற்கும் முறையை லண்டனைச் சேர்ந்த றீவ்ஸ் சகோதரர் 1780ஆம் ஆண்டளவில் உருவாக்கினர். 1781இல் கலைச் சங்கம் இதற்காகப் பரிசளித்தது. 1835இல் வின்சர் அன்ட் நியூட்டன் நிறுவனத்தார் கிளிசரின் சேர்த்த ஈர வர்ணத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன்பின் வர்ணத்தை நெடுநேரம் தேய்த்துக் கரைக்கவும் வேண்டியிருக்கவில்லை. நனைந்த தூரிகையால் தொட்டாலே போதுமாயிற்று.

இவ்வசதியால் இரு சாரார் பயனடைந்தனர். ஒரு சாரார் நிலத்தை அளந்து படம் வரைய வேண்டியிருந்த படை அதிகாரிகள். நீர்வர்ண ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான போல் சான்ட்பி 1768 முதல் வூலிச் இராணுவக் கல்விக்கூடத்தின் வரைதல் ஆசிரியராக விளங்கினார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பேரரசு தான் கைப்பற்றிய நிலக்காட்சிகளை முதலில் நீர்வர்ணத்திலேயே கண்டது. மற்றைய சாரார் நடுத்தர வர்க்கக் குடும்பங்களின் பெண்கள். பியானோ வாசித்தலைப் போலவே வர்ணந் தீட்டலும் மணப்பெண்ணின் தகைமைகளுள் ஒன்றாயிற்று. உற்பத்தியிலிருந்து ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டத்தினருக்கு, விற்பனைக்குரியதல்லாத ஓர் உழைப்பு அணிகலனாக வழங்கப்பட்டது எனலாம்.

அதே காலத்தில், அதே வர்ணத்தை, அதே தூரிகையால், கூலிக்குத் தீட்டிய கைகளும் இருந்தன. கல்லச்சிலும் செப்புத் தகட்டிலும் கறுப்பு மையால் அச்சிடப்பட்ட படங்கள் கையாலேயே வர்ணமூட்டப்பட்டன. மலிவுப் படங்களை விற்றோர் வர்ணமில்லாத தாளுக்கு ஒரு பென்ஸும் வர்ணமிட்ட தாளுக்கு இரண்டு பென்ஸும் பெற்றனர். இவ்விலை வேறுபாடு ஆங்கிலத்தில் மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது. அந்த மேலதிக பென்ஸின் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமாவர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் சிவப்பு, அடுத்தவர் நீலம், அதற்கடுத்தவர் பச்சை என்று ஒவ்வொருவரும் ஒரே நிறத்தை மட்டும் தீட்டித் தாளை அடுத்த கைக்கு நகர்த்தினர். யந்திரம் வருமுன்னரே கை யந்திரமாக்கப்பட்டுவிட்டது. தொழிற்சாலைக்கு முந்திய இக்கட்டத்தைப் பற்றி மார்க்ஸ் 'மூலதன'த்திலே விரிவாக எழுதியுள்ளார். குண்டூசியையும் கடிகாரத்தையும் அவர் உதாரணங்காட்டினார். வர்ணப்படமும் அவ்வரிசையில் இடம்பெறத் தக்கதே.

இப்பின்னணியிலேயே 1843ஆம் ஆண்டின் நத்தார் மடலை நாம் நோக்கவேண்டும். அச்சிட்டு விற்கப்பட்ட முதல் நத்தார் மடல் என இது பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இதனைச் செய்வித்தவர் ஹென்றி கோல். 1840இல் நடைமுறைக்கு வந்த ஒரு பென்ஸ் தபால் திட்டத்தில் றோலன்ட் ஹில்லுக்குத் துணைநின்ற அரசாங்க அலுவலர் அவர். பின்னர் 1851ஆம் ஆண்டின் மாபெருங் கண்காட்சியின் அமைப்பாளருள் ஒருவராகவும் விளங்கினார். நண்பர் பலருக்கும் தனித்தனியே கடிதமெழுத அவகாசமின்மையால் இவ்வழியை நாடினாரென்பர். வரைந்தவர் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்னும் ஓவியர். ஏறத்தாழ ஐந்து அங்குல நீளமுள்ள இம்மடல் கல்லச்சில் ஏறத்தாழ 1,000 பிரதிகள் பதிக்கப்பெற்று, தொழில்முறை வர்ணகாரரால் கையாலே வர்ணமூட்டப்பெற்று, தலா ஒரு சிலிங்குக்கு விற்கப்பட்டது. தென் இங்கிலாந்தின் விவசாயக் கூலியாள் வாரமொன்றுக்கு எட்டோ ஒன்பதோ சிலிங் பெற்ற காலம் அது.

மடலின் படம் நுணுகி நோக்கத்தக்கது. கொடி படர்ந்த பந்தற்கால்கள் அதனை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. நடுவிலே மூன்று தலைமுறையினர் கூடிய வசதிமிக்க குடும்பமொன்று வைன் கிண்ணங்களை உயர்த்துகின்றது. சிறு குழந்தைக்கும் வைன் ஊட்டப்படுகிறது. மதுவிலக்கு இயக்கத்தினர் சினந்தது இதன்பொருட்டே. இரு ஓரங்களிலுமுள்ள ஒடுங்கிய பகுதிகளைப் பற்றி எவரும் சினந்ததாகத் தெரியவில்லை. அங்கே ஒருபுறம் பசித்தோருக்கு உணவளிக்கப்படுகிறது. மறுபுறம் ஆடையற்றோருக்கு ஆடை வழங்கப்படுகிறது. வறியவர் மடலில் இடம்பெறுகின்றனர், ஆயின் பந்தற்காலுக்கு அப்பால். நடுவிலுள்ளோர் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கிண்ணத்துடன் நம்மையே நோக்குகின்றனர். டிக்கின்ஸின் நத்தார்க் கதை வெளிவந்ததும் அதே டிசம்பரிலேதான். எங்கெல்ஸ் அப்போது மன்செஸ்ரரிலே தொழிலாளரின் குடியிருப்புக்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வர்க்கப் பிளவை ஒருவர் கருணையாலும் மற்றொருவர் ஆய்வாலும் எதிர்கொண்ட அவ்வாண்டில், மடல் அதனை ஓர் அலங்காரச் சட்டமாக மாற்றிக்கொண்டது.

மடலின் வாசகமும் எம் கவனத்துக்குரியது. வாழ்த்து முழுவதும் அச்சிடப்பட்டிருந்தது. மேலே பெறுநரின் பெயருக்கும் கீழே அனுப்புநரின் பெயருக்கும் மட்டுமே இடம் விடப்பட்டிருந்தது. கடிதம் என்னும் இலக்கிய வடிவத்தில் எழுதுவோனுக்கு உரியதாயிருந்த அனைத்தும் இங்கே முன்கூட்டியே உற்பத்தி செய்யப்பட்டுவிட்டன. இரு பெயர்கள் மாத்திரம் எஞ்சின. அலுவலகப் படிவத்தின் அமைப்பு அன்பின் மொழியாகிவிட்டது என்று சொல்வது மிகையாகாது. அடுத்த ஆண்டிலே பாரிசில் இளம் மார்க்ஸ் உழைப்பாளி தன் உழைப்பினின்றும் அந்நியப்படுவதைப் பற்றித் தம் குறிப்பேடுகளில் எழுதினார். இஃது ஒரு தற்செயல் ஒற்றுமையே. எனினும் சொல்லும் தன்னைச் சொல்வோனினின்றும் அந்நியப்படலாம் என்பதற்கு ஒரு சிலிங் மடல் நல்ல சான்று.

அமெரிக்காவில் இவ்வளர்ச்சி வேறொரு வழியிற் சென்றது. மசச்சூசெற்ஸின் வூஸ்ரர் நகரிலே எஸ்தர் ஹௌலன்ட் என்னும் பெண்மணி, 1847இல் கல்லூரியை விட்டு வெளியேறியபின், காதலர் தின மடல்களைச் செய்விக்கத் தொடங்கினார். சரிகைத் தாள், வர்ணப் படம், பட்டு நாடா ஆகியவற்றை ஒட்டிச் செய்யப்பட்ட அம்மடல்கள் 'கைவினை' என்றே இன்றும் போற்றப்படுகின்றன. அவர் தமது வீட்டிலே இளம்பெண்களை வரிசையாக அமர்த்தி, ஒருத்தி வெட்ட, ஒருத்தி ஒட்ட, வேலையைப் பகிர்ந்தே செய்வித்தார். போர்ட்டின் மோட்டார்த் தொழிற்சாலைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான காலம் முந்தியது இது.

பொஸ்ரனைச் சேர்ந்த லூயி பிராங்கின் கதை முரண் நிறைந்தது. 1824இல் பிரெஸ்லோவிலே பிறந்த இவர், 1848ஆம் ஆண்டின் புரட்சியில் ஈடுபட்டமையால் நாடு நீங்கி, 1850இல் அமெரிக்கா சேர்ந்தவர். 1870களின் நடுப்பகுதியில் வர்ணக் கல்லச்சு மூலம் நத்தார் மடல்களை வெளியிடலானார். நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் மாறிமாறிப் பதித்து, தூரிகையின் தடமும் நீரின் கசிவும் தாளிலே தெரியுமாறு அவர் அச்சிட்டார். இம்முறை பரவியதோடு கூலிக்கு வர்ணந் தீட்டியோர் இத்துறையிலே வேண்டப்படாதவராயினர். அவர்களது கையின் சாயல் மட்டும் அச்சில் எஞ்சியது. அதே பிராங், பாடசாலைச் சிறாருக்கான நீர்வர்ணப் பெட்டிகளையும் விற்றார். கையைப் போலி செய்யும் படத்தையும் கைக்கு வேண்டிய வர்ணத்தையும் ஒரே முதலாளி விற்றமை, பின்வந்த வரலாறு முழுவதற்கும் முன்மாதிரியாகும். ஓவியரின் நிலையும் மேம்பட்டதன்று. கேற் கிறீனவே தம் இளமையில் பெல்பாஸ்ற் நகரின் மார்க்கஸ் வார்ட் நிறுவனத்துக்கு வரைந்த காதலர் தின மடலொன்று சில வாரங்களிலே 25,000 பிரதிகள் விற்பனையானது. அவருக்குக் கிடைத்தது மூன்று பவுணளவே என அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர் கூறுவர்.

இறப்பர் முத்திரை அலுவலகத்தின் பிள்ளை. சாள்ஸ் குட்இயர் 1839இல் கந்தகத்துடன் சூடாக்கி இறப்பரை உறுதிப்படுத்தும் வழியைக் கண்டு, 1844இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். 1860களில் அமெரிக்காவிலே முத்திரை செய்யத் தொடங்கியோர், பல்வைத்தியர் செயற்கை முரசு வார்க்கப் பயன்படுத்திய சிறு கொதிகலன்களையே பயன்படுத்தினர். எழுத்தைக் கோத்து, சாந்தில் அச்செடுத்து, அவ்வச்சில் இறப்பரை அழுத்தி வேகவைத்து, மரக்கட்டையில் ஒட்டினால் முத்திரை தயார். 'செலுத்தப்பட்டது', 'பெறப்பட்டது' என்பனவே அதன் முதற் சொற்கள். ஒருவன் எழுதுவதற்குப் பதிலாக ஓங்கிக் குத்துவதே அதன் இயல்பு.

அந்த இறப்பர் எங்கிருந்து வந்தது? அமேசன் காடுகளின் பாலைக் கொண்டே தொழில் வளர்ந்தது. நூற்றாண்டின் திருப்பத்திலே புட்டுமாயோவிலும், வேறொரு கொடியின் பாலுக்காக லியோபோல்டின் கொங்கோவிலும் நடந்த கொடுமைகள் உலகறிந்தவை. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த ஏறத்தாழ 70,000 விதைகளுள் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தவை 2,700 அளவில். அவற்றுள் 1,900க்கும் அதிகமான நாற்றுக்கள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவையடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. களுத்துறையிலும் கேகாலையிலும் எழுந்த இறப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் கத்தியும் வாளியுமாகச் சென்று பால் வெட்டியோருள் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பலர். கைவினையைப் பற்றிப் பேசும் நூல்கள் தாளைத் தாங்கும் கையைப் படம்பிடிக்கின்றன. மரத்தைத் தொடும் கையை அவை கணக்கிலெடுப்பதில்லை. இன்று முத்திரைகள் பலவும் ஒளிபடக் கூடிய செயற்கைப் பிசினிலே வார்க்கப்படுகின்றன. மரத்தோடுள்ள தொடர்பு அவற்றில் அற்றுவிட்டதெனினும் 'இறப்பர்' என்ற பெயர் நீங்கவில்லை.

அலுவலகத்தின் இக்கருவியை அதற்கெதிராகவே திருப்பியவர்கள் கலைஞர்கள். முதலாம் உலகப் போர் முடிந்த வேளையில் ஜேர்மனியின் கூர்ட் ஷ்விற்றர்ஸ் அலுவலக முத்திரைகளைக் கொண்டே சித்திரங்கள் ஆக்கினார். 1960களில் நியூயோர்க்கின் றே ஜோன்சனைச் சூழ்ந்தெழுந்த தபாற்கலை இயக்கத்தினர், கலைக்கூடத்தையும் விற்பனையாளனையும் தவிர்த்துத் தமக்குள் அனுப்பிக்கொண்ட மடல்களில் முத்திரையைத் தாராளமாகப் பயன்படுத்தினர். 1974இல் ஹேர்வே பிஷர் கலைஞரின் முத்திரைகளைத் தொகுத்துப் பாரிசிலே நூலாக வெளியிட்டார். அதிகாரத்தின் ஒப்புதற் குறியை எவரும் தமக்கென வெட்டிக்கொள்ளலாம் என்பதே அவ்வியக்கத்தின் கூர்மை. ஆறு ஆண்டுகளுள், 1980இல், அமெரிக்காவிலே முத்திரைப் பிரியருக்கென்று தனிச் சஞ்சிகை தோன்றியது. பூவும் பூனையும் பறவையும் பொறித்த முத்திரைகளின் வியாபாரம் பெருகியது. கேலியாகப் பிறந்தது சரக்காக வளர்ந்தது. மூலதனம் எதிர்ப்பை விழுங்கும் வேகம் வியப்பூட்டுவதன்று.

ஆயினும் இப்பொழுதுபோக்கினை வெறும் சரக்கு நுகர்வென்று ஒதுக்கிவிடும் சில தோழர்களின் போக்கு எமக்கு உடன்பாடன்று. செய்முறையைக் கவனித்தால் இது விளங்கும். நீரிற் கரையாத மையால் முத்திரையைத் தடித்த பருத்தித் தாளிலே பதிக்கவேண்டும்; சாதாரண மையாயின் தூரிகை பட்டதும் கோடு கலைந்து நிறம் அழுக்காகிவிடும். மை உலரும்வரை காத்திருக்கவேண்டும். பின் வெளிறிய நிறத்தை முதலிலும் அடர்ந்ததைப் பின்னருமாகத் தீட்டவேண்டும். வெண்மைக்கு வர்ணமில்லை, தாளே வெண்மை. உருவரை வாங்கப்பட்டது, அதே பூனை ஆயிரம் வீடுகளில் அதே வாலுடன் பதிகிறது. ஆனால் நீர் எங்கே தேங்கும், எங்கே கோட்டைக் கடந்து கசியும் என்பதை முத்திரை விற்றவன் தீர்மானிக்க முடியாது. தன் நேரத்தைத் தானே ஒருவருக்காகச் செலவிடும் ஒருத்தியின் உழைப்பு அங்கே பயன்மதிப்பை மட்டுமே படைக்கிறது, அதற்கு விலையில்லை. வில்லியம் மொறிஸ் 1880களில் சோசலிசக் கூட்டங்களில் வற்புறுத்திய உழைப்பின் இன்பம் இச்சிறு இடைவெளியில் உயிர்வாழ்கிறது. அது ஓய்வுநேரத்துக்குள் அடைக்கப்பட்டிருப்பதுதான் குறை. ஓய்வுநேரம் உள்ளோருக்கே அது வாய்க்கிறது என்பதும் உடன் கூறப்படவேண்டும்.

சொல்லைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு நம்பிக்கையூட்டுவதன்று. படத்தை மணிக்கணக்கில் தீட்டுவோரும் வாழ்த்தை முத்திரையாலேயே குத்துகின்றனர். பிறந்தநாளுக்கு ஒன்று, துயர்பகிர்வுக்கு ஒன்று எனச் சொற்றொடர்கள் பெட்டியிலிட்டு விற்கப்படுகின்றன. நிறத்தில் மீட்கப்பட்ட கை மொழியில் மீட்கப்படவில்லை. 1843இன் மடலில் விடப்பட்ட இரு வெற்றிடங்களே இங்கும் எஞ்சுகின்றன. கல்வியறிவு பரவிய சமுதாயங்களிலே தன் அன்பைத் தன் சொல்லால் எழுதுவதற்கு மக்கள் கூசுவதேன் என்பது உளவியலாரிடம் மட்டும் விட்டுவிடத்தக்க வினாவன்று. மொழியைப் 'படைப்பாளி' என்னும் தனி வகுப்பாரின் உடைமையாக்கிய இலக்கியக் கல்விக்கும் அதிற் பங்குண்டு.

மடல் செய்வோருட் சிலர் நத்தார்ச் சந்தைகளில் அவற்றை விற்கவும் முற்படுகின்றனர். விலை குறிக்கும்போது நிமிடங்கள் எண்ணப்படுகின்றன. கூலி கட்டுவதற்காக இருபது மடல்களுக்கும் முத்திரையை ஒரே தடவையிற் குத்தி, மேசையிலே வரிசையாகப் பரப்பி, முதலில் எல்லாவற்றுக்கும் சிவப்பு, தூரிகையைக் கழுவி எல்லாவற்றுக்கும் பச்சை, பின்னர் எல்லாவற்றுக்கும் நீலம் என்று ஒருத்தியே மேசையைச் சுற்றி வருகிறாள்.