'வெண்பா' முதல் 'ரெட் டெட்' வரை: வீடியோ கேம் கதை சோகமாக முடியலாமா?

(உஷார்: 'வெண்பா', 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2', 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' உள்ளிட்ட கேம்களின் முடிவு இந்தக் கட்டுரையில் பேசப்படுகிறது. ஆடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வரலாம்.)

இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதில்தான் அந்த கேம் தொடங்குகிறது. ஊரிலிருந்து எடுத்துவந்த அம்மாவின் சமையல் நோட்டில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. குழிக்கு நேர் மேலே குழி வந்தால் இட்லி நசுங்கிவிடும், தட்டை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும் என்பதை ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். நம் வீட்டு அம்மாக்களிடம் கேட்டால் "இதெல்லாம் ஒரு புதிரா?" என்பார்கள்.

டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா'தான் அது. 2023 ஜூலை 31-ல் வெளியானது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியும் அங்கே பிறக்கும் அவர்கள் மகன் கவினும்தான் கதை மாந்தர்கள். சமையல்தான் விளையாட்டு. 2024-ல் பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. அதே ஆண்டு, சிறு நிறுவனங்கள் உருவாக்கும் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் விழாவின் முதன்மைப் பரிசும் இதற்கே கிடைத்தது.

முடிவு என்ன? பாவலன் இறந்துவிடுகிறார். வெண்பா தனியாக இந்தியா திரும்புகிறார். அம்மாவின் மொழியையும் சமையலையும் விட்டு விலகியே வளர்ந்த கவின், அவர் விட்டுச் சென்ற நோட்டை வைத்துத் தட்டுத்தடுமாறிச் சமைக்கப் பழகுகிறான். கடைசியில் அம்மாவைப் பார்க்க வருகிறான்.

இதை சோக முடிவு என்பதா, சுப முடிவு என்பதா? மயிலாப்பூரிலோ அடையாறிலோ இருக்கும் ஒரு அபார்ட்மென்ட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை நியூஜெர்சியில், பெண் டொராண்டோவில், இங்கே மூன்று பெட்ரூம் வீட்டில் இரண்டு பேர், சில வீடுகளில் ஒருவர் மட்டும். வாரக்கடைசி வீடியோ காலுக்காகச் சீக்கிரமே குளித்துவிட்டுக் காத்திருக்கும் அம்மாக்கள் இந்தத் தெருக்களில் உண்டு. அவர்களுக்கு மகன் வந்து நிற்பதே சுபம். கேமை அந்தப் பக்கத்திலிருந்து ஆடிய மகனுக்கு அப்படி இருக்காது. அப்பா போன பிறகுதானே வந்தோம் என்ற எண்ணம் அவனை விடாது.

'வெண்பா' ஒரு சின்ன கேம், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அது கிளப்பும் கேள்வி, கேமர்கள் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கும் பெரிய சண்டையின் ஒரு பகுதி. கேம் ஆடுவதே ஜெயிக்கத்தானே? 40 மணி நேரம், 50 மணி நேரம் உழைத்து ஆடிய பிறகு ஹீரோ செத்துப்போனால் அது என்ன நியாயம்?

சினிமா சோகமும் கேம் சோகமும் ஒன்றா?

ஒன்றல்ல. சினிமாவில் நாம் பார்க்கிறோம். கேமில் நாம் செய்கிறோம்.

2018-ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' இதற்கு நல்ல உதாரணம். நாயகன் ஆர்தர் மார்கன் ஒரு கொள்ளைக் கும்பலின் அடியாள். கதையின் ஆரம்பக் கட்டத்தில் கடனை வசூலிக்க ஒரு நோயாளி விவசாயியை அடிக்கப் போகிறான். அடிப்பது யார்? கன்ட்ரோலரைக் கையில் வைத்திருக்கும் நாம்தான். அந்த மனிதர் ஆர்தரின் முகத்தில் இருமுகிறார். பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகுதான் ஆர்தருக்குக் காசநோய் என்று தெரிகிறது. அதன்பிறகு எப்படி ஆடினாலும் அவன் பிழைப்பதில்லை. நல்லவனாக ஆடியிருந்தால் ஒரு விதமான சாவு, கெட்டவனாக ஆடியிருந்தால் வேறு விதம். அவ்வளவுதான்.

2013-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இன்னும் கடுமையானது. கடைசியில் ஜோயல் என்ற நாயகன், மகளாக நினைக்கும் சிறுமியைக் காப்பாற்ற மருத்துவமனைக்குள் புகுகிறான். எதிரே நிற்கும் மருத்துவரைக் கொல்லாமல் கதை நகராது. கொல்லாமல் சும்மா நின்று பார்த்தவர்கள் நிறைய பேர். கேம் காத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் நாமே பட்டனை அழுத்த வேண்டும். சிறுமி பிழைக்கிறாள். ஆனால் நிம்மதியாக மூச்சுவிட முடிவதில்லை.

2020 ஜூனில் இரண்டாம் பாகம் வந்தபோது வெடித்தது பிரச்னை. ஜோயல் ஆரம்பத்திலேயே கொல்லப்படுகிறான். அதோடு விடாமல், கொன்றவளையே பல மணி நேரம் ஆட வைத்தார்கள். மெட்டாகிரிட்டிக் தளத்தில் ரசிகர்கள் பூஜ்ஜியமாகக் கொட்டித் தீர்த்தார்கள். அதே கேம் அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை 'தி கேம் அவார்ட்ஸ்' மேடையில் வாங்கியது. கையால் செய்ய வைத்த சோகம் எவ்வளவு தூரம் போய்க் குத்தும் என்பதற்கு இரண்டுமே சாட்சி.

'சரி, முடிவை நாமே தேர்ந்தெடுத்தா?'

எளிதான தீர்வு போலத் தெரியும். 2013-ல் வந்த 'ஜிடிஏ 5' அப்படித்தான் செய்தது. கடைசியில் மூன்று வழி கொடுக்கிறது. ஒன்றில் டிரெவர் சாவான், ஒன்றில் மைக்கேல் சாவான், மூன்றாவதில் மூவரும் பிழைப்பார்கள். தி.நகரில் எந்த கேமிங் பார்லரில் கேட்டாலும் "மூணாவதுதான் ப்ரோ, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றுதான் சொல்வார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். தப்பிக்க வழி இருக்கும்போது சோகம், சோகமாக இருப்பதில்லை. பரீட்சையில் தப்பான விடை மாதிரி ஆகிவிடுகிறது. பழைய சேவ் ஃபைலைத் திறந்து மறுபடி ஆடி 'சரியான' முடிவை வாங்கிவிடலாம். கேம் ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2013-ல் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் ஃபெயிலியர்' புத்தகம் இதைச் சுற்றித்தான் பேசுகிறது. தோற்பது யாருக்கும் பிடிக்காது, ஆனால் தோற்கவே முடியாத ஆட்டத்தை யாரும் ஆடமாட்டார்கள். கேம் ஆடுபவர் தினமும் நூறு தடவை செத்துப் பிழைக்கிறார். அந்தப் பழக்கத்தில் இருப்பவரிடம் "இந்த ஒரு சாவு மட்டும் நிஜம், ரீஸ்டார்ட் கிடையாது" என்று நம்ப வைக்க வேண்டுமானால் கதவைச் சாத்தத்தான் வேண்டும்.

(பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் ஆடுபவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அங்கே கதைக்கு முடிவே கிடையாது. நூறு பேர் இறங்கும் மேட்ச் என்றால், தனி ஆட்டத்தில் 99 பேருக்கும் ஒவ்வொரு முறையும் சோக முடிவுதான்.)

ரசிகர்கள் உண்மையில் எதற்குக் கோபப்பட்டார்கள்?

2012 மார்ச்சில் வந்த 'மாஸ் எஃபெக்ட் 3' இந்த விஷயத்தில் ஒரு பாடமாகவே பேசப்படுகிறது. மூன்று பாகங்கள், ஐந்து வருடம், எத்தனையோ முடிவுகள். யாரைக் காப்பாற்றினோம், யாரைக் கைவிட்டோம் என்பதெல்லாம் ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்குத் தொடரும். கடைசியில் வந்தது நிறம் மட்டும் மாறும் ஒரே மாதிரியான சில காட்சிகள். கூட வந்த தோழர்கள் என்ன ஆனார்கள் என்றே சரியாகச் சொல்லவில்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் கொந்தளித்தார்கள்.

பயோவேர் நிறுவனம் இறங்கி வந்தது. ஜூன் மாதம் 'எக்ஸ்டெண்டட் கட்' என்ற இலவசச் சேர்க்கையை வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, நிறுவனம் முடிவைச் சந்தோஷமாக மாற்றவில்லை. பின்னால் என்ன நடந்தது, யார் எங்கே போனார்கள் என்று காட்டியது. போதாக்குறைக்கு எல்லோரும் அழியும் இன்னொரு முடிவையும் புதிதாகச் சேர்த்தது! அதன்பிறகு கோபம் முழுதாக அடங்கவில்லை என்றாலும் நிறையவே தணிந்தது.

அப்படியென்றால் ரசிகர்களைக் கடுப்பாக்கியது நாயகன் சாவது அல்ல. செத்த கையோடு விளக்கை அணைத்து "கிளம்புங்க" என்றதுதான். சாவு வீட்டுக்குப் போனால்கூட எடுத்த பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தானே வருவோம்? 'ரெட் டெட் 2' அதைச் சரியாகச் செய்தது. ஆர்தர் போன பிறகும் கேம் முடிவதில்லை. அவன் காப்பாற்றிய ஜான், நிலம் வாங்கி வீடு கட்டுகிறான். சுத்தியலை எடுத்து ஆணி அடிப்பதும் நாம்தான். ஆர்தரின் கல்லறைக்கும் போய் நிற்கலாம்.

நம்ம ஊர்ல இதுக்கு என்ன வழக்கம்?

மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி மங்களம் பாடித்தான் முடியும். ராமாயண உபன்யாசம் என்றால் பட்டாபிஷேகத்தோடு நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு சீதை காட்டுக்கு அனுப்பப்படும் கதை இருக்கிறது என்பது மேடையில் இருப்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். கம்பரே பட்டாபிஷேகத்தோடுதான் நிறுத்தினார். உத்தரகாண்டத்தைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது.

இதை வைத்து "தமிழனுக்கு சுப முடிவுதான் பிடிக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். 1964-ல் வந்த 'கர்ணன்' 2012-ல் டிஜிட்டலில் மெருகேற்றப்பட்டு மறுபடி வந்தபோது சென்னையில் 100 நாட்களைத் தாண்டி ஓடியது. சிவாஜி கடைசியில் சாவார் என்பது தெரியாமலா டிக்கெட் எடுத்தார்கள்?

இன்னொரு சுவாரஸ்யமான சோதனை 2010-ல் நடந்தது. கௌதம் மேனன் ஒரே கதையை இரண்டு மொழியில் எடுத்து ஒரே நாளில் வெளியிட்டார். தெலுங்கு 'ஏ மாய சேசாவே'யில் காதலர்கள் சேர்ந்துவிட்டார்கள். தமிழ் 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் சேரவில்லை. ஜெஸ்ஸி கிடைக்காததைப் பற்றித் தமிழ் இளைஞர்கள் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்த விவாதத்துக்கு மிகப் பொருத்தமான நூல் சிலப்பதிகாரம் என்று தோன்றுகிறது. கோவலன் வெட்டுப்படுகிறான், மதுரை எரிகிறது. கிளைமாக்ஸ் முடிந்தது என்று இன்றைய இயக்குநர் 'கட்' சொல்லியிருப்பார். இளங்கோ அங்கே நிறுத்தவில்லை. வஞ்சிக் காண்டம் என்று முழுதாக ஒரு காண்டம் வைத்தார். செங்குட்டுவன் வடக்கே போய்க் கல் எடுத்து வந்து கண்ணகிக்குக் கோயில் எழுப்புகிறான். கோவலன் உயிரோடு வரவில்லை, எரிந்த மதுரையும் மீளவில்லை. நடந்தது நடந்ததுதான். ஆனால் அதற்கு ஒரு மரியாதை செய்யப்படுகிறது. பயோவேர் மூன்று மாதம் கழித்துப் போட்ட 'எக்ஸ்டெண்டட் கட்'டை இளங்கோ முதலிலேயே எழுதிவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

'வெண்பா'வுக்குத் திரும்பினால்…

வெண்பா என்ன பேச வேண்டும் என்பதை அங்கங்கே நாம் தேர்ந்தெடுக்கலாம். எதைச் சொன்னாலும் கவின் விலகுவது நிற்காது, பாவலன் பிழைக்கமாட்டார். மகனுக்காக ஆசை ஆசையாக விருந்து சமைக்கிறோம், அவனுக்கு அதில் மனமில்லை. தாளித்தது, அரைத்தது, கிளறியது எல்லாம் நம் கை என்பதால் வெண்பாவின் ஏமாற்றம் நம்முடையதாகிவிடுகிறது. கதவைச் சாத்திய சோகம் இது.

ஆனால் விளக்கை அணைத்துவிடவில்லை. கடைசிப் பகுதியில் கன்ட்ரோலர் கவின் கைக்கு மாறுகிறது. இதுவரை அம்மாவாகச் சமைத்த நாம், இப்போது சமையல் தெரியாத மகனாக, தமிழைத் தடுமாறிப் படிப்பவனாக அதே நோட்டைப் புரட்டுகிறோம். என் பார்வையில் அந்த கேமின் வஞ்சிக் காண்டம் இதுதான். அப்பா இருக்கும்போதே மகன் வந்துவிடுவதாக முடித்திருந்தால் ஒரு நல்ல விளம்பரப் படம் போல இருந்திருக்கும். வராமலே விட்டிருந்தால், வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் எந்தப் பெற்றோரிடமும் இதைக் காட்டவே முடிந்திருக்காது.

கணினி, நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில் ஆடலாம். வன்முறை விளையாட்டு இல்லை, வேகமாக பட்டன் அழுத்தும் திறமையும் தேவையில்லை. ஒரு ஞாயிறு மதியம் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆடுங்கள். இட்லித் தட்டுப் புதிரை அவரே சொல்லிவிடுவார்.